வலி பொறுத்தலும் அறுவை ஏற்றலும்

தாமிரபரணிக் கரையில் குனியாமல் செய்யும் தொழில் அரிது. கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களில் கார் பருவத்திலும் பிசானப் பருவத்திலும் நாற்று நடும் பெண்கள் காலை முதல் மாலை வரை இடுப்பை மடித்தே நிற்கின்றனர். முக்கூடல் பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவோர் முதுகை வளைத்தே வாழ்நாளைக் கழிக்கின்றனர். வீரவநல்லூர் நெசவாளர் தறிக்குழியில் காலை விட்டு அமர்ந்தால் எழுவது உணவு வேளைக்கே. கல்லிடைக்குறிச்சியிலோ அப்பளம். உளுந்து மாவை இடிப்பதும், பிசைவதும், தரையில் அமர்ந்து பலகையின் மேல் குழவியை உருட்டுவதும் ஆகிய அத்தனையும் இடுப்பின் உழைப்பேயாகும். அவ்வூர் அப்பளத்தின் சுவையைப் புகழ்வோர் பலர். அதனை இட்டவர்களின் முதுகைப் பற்றி எண்ணுவோர் சிலரே.

அவ்வூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. வந்தவாசிப் பக்கத்தில் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டுத் தெற்கே சென்று, ஓய்வு பெற்ற பின்னும் ஆற்றங்கரையை விட்டு வர மனமின்றி அங்கேயே தங்கிவிட்ட நம் சமூகக் குடும்பம் அது. அவருடைய மனைவியார் அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டு இருபது ஆண்டுகளாக அப்பளம் இட்டு விற்று வருகிறார். நான்காண்டுகளாக அவருக்குக் கீழ் முதுகில் ஓயாத வலி. காலில் மரமரப்போ தளர்ச்சியோ இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரண்டு இடங்களில் டிஸ்க் தேய்ந்துள்ளது என்றனராம். ஸ்குரூ வைத்து எலும்புகளை இணைத்துவிடலாம், வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள் என்பது மருத்துவர் சொன்னது.

அன்பர் மூன்று வினாக்களை எழுப்பியிருந்தார். வலி முன்வினைப் பயனாயின், அதனைப் பொறுத்துக் கழிப்பதே அறமன்றோ என்பது முதல் வினா. உடலுக்குள் வைக்கும் எலும்பும் பிற பொருள்களும் எங்கிருந்து வருகின்றன, அவற்றை நாம் ஏற்கலாமா என்பது இரண்டாவது. அறுத்த பின்னும் வலி தீராவிட்டால் என் செய்வது என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல வினாக்களே. நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவ உலகம் ஆராய்ந்து வெளியிட்டுள்ளவற்றைப் படித்தறிந்த அளவில் நம் கருத்தைக் கூறுகிறோம்.

முதல் வினாவுக்கு விடை காண்பது அத்துணை அரிதன்று. நோயைப் பொறுத்தல் என்பது இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது முனிவர்க்கு உரைத்தது. இல்லறத்தார்க்கு உரைத்ததோ நால்வகைத் தானம். அவற்றுள் ஔஷத தானமும் ஒன்று. பிறருடைய நோய்க்கு மருந்தளிப்பது அறமாயின், தம் நோய்க்கு மருந்து கொள்வது எங்ஙனம் குற்றமாகும்? மேலும், பொறுமை என்பது ஒருவர் தாமே மனமுவந்து ஏற்பது. ஒருவருடைய வலியை மற்றவர் பொறுமை என்று பெயரிட்டுப் புகழ்ந்துகொண்டிருந்தால், அதற்குப் பொறுமை என்பது பெயரன்று.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. பாளையங்கோட்டைக்கு அருகில் மறுகால்தலையில், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த குகையில், அக்காலத் துறவியர்க்கு அமைத்த கற்படுக்கை உள்ளது. அதனைக் கண்டு வந்த பெரியவர்கள் சிலர், ‘கட்டாந்தரையில் படுத்தால் முதுகுவலி வராது’ என்று இன்றும் அறிவுரை கூறுவதுண்டு. ஸ்பெயின் நாட்டில் முதுகுவலியுடைய 313 பேரிடம் இதனை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே நலம் தந்ததாம். கற்படுக்கை தவத்துக்கு உரியது. அதனை வைத்தியமாக்க வேண்டியதில்லை.

இனி மூன்றாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில், பயன் உண்டா என்று தெரிந்த பின்னரே பொருளைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டும்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் இடையே டிஸ்க் என்று ஊரெல்லாம் வழங்கும் குருத்தெலும்பு வட்டு உள்ளது. நாம் குனியவும் நிமிரவும் திரும்பவும் முடிவது இவ்வமைப்பால். இணைப்பு அறுவையில், இரண்டோ மூன்றோ முள்ளெலும்புகளை அசையாமல் ஒன்றாக்கிவிடுகின்றனர். ஸ்குரூக்களும் கம்பிகளும் பந்தலுக்கு நட்ட கால்களைப் போன்றவை. கொடி படரும் வரை தாங்குவதே அவற்றின் பணி. இடையில் வைத்த எலும்புத் துகள்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக் காலத்தில் வளர்ந்து, இரண்டையும் ஒரே எலும்பாக்க வேண்டும். அசைவதனால் வலிக்கிறது, ஆகவே அசைவை நிறுத்தினால் வலி நிற்கும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். கேட்பதற்கு நேர்மையான எண்ணந்தான். ஆயினும் அது அனுமானம். அனுமானம் பிரமாணத்தால் சோதிக்கப்பட வேண்டும்.

இந்த அறுவை தோன்றியது தேய்மானத்துக்காக அன்று. 1911ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் ரஸல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பீ என்னும் இருவர் தனித்தனியே இதனைச் செய்து வெளியிட்டனர். முதுகெலும்பைக் காசநோய் அரித்துக் கூனாக்கிவந்த காலம் அது. காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்நாளில், அரிக்கப்பட்ட எலும்பை நல்ல எலும்பால் தாங்கி நிறுத்துவது பேருதவியாயிற்று. பின்னர் 1950களில் ஹாங்காங் நகரில் ஹாட்ஜ்ஸன் முதலான மருத்துவர், முன்பக்கமாகச் சென்று, கெட்டுப்போன எலும்பையெல்லாம் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் எலும்பு ஒட்டு வைக்கும் பெரிய அறுவையை வகுத்தனர். அந்நாளில் அது உலகப் புகழ் பெற்றது.

அதனைத் தராசில் இட்டு நிறுத்தது நம் சென்னை என்பது நம்மவர் பலர் அறியாதது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்கனவே ஒரு பெரிய உண்மையை உலகுக்கு அளித்திருந்தது. நுரையீரல் காசநோயாளியை மருத்துவ விடுதியில் மாதக்கணக்கில் படுக்க வைக்கவேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று 1959ஆம் ஆண்டில் மெய்ப்பித்தது அந்நிலையமே. பின்னாளில் முதுகெலும்புக் காசநோய்க்கும் அதே முறையில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. சுமார் முந்நூறு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஹாங்காங் முறைப் பெரிய அறுவையும் எலும்பு ஒட்டும், அதனோடு ஆறு மாதம் மருந்தும். அடுத்த பிரிவுக்கு அறுவையின்றி, நடமாடிக்கொண்டே ஆறு மாதம் மருந்து மட்டும். மூன்றாம் பிரிவுக்கு அதே மருந்து ஒன்பது மாதம்.

பத்தாண்டுகள் கழித்துப் பார்த்து, 1999ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நல்ல நிலையில் இருந்தோர், அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 90 பேர்; ஆறு மாத மருந்துப் பிரிவில் 94 பேர்; ஒன்பது மாத மருந்துப் பிரிவில் 99 பேர்.

இதைப் படித்ததும், ‘பார்த்தீர்களா, கத்தியே வேண்டாம்’ என்று சிலர் எழுந்துவிடுவர். பொறுக்க. அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் கூறுகிறது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள், தொடக்கத்திலேயே முப்பது பாகைக்கு மேல் கூன் விழுந்திருந்தோர்க்கு மருந்து மட்டும் போதவில்லை. நோய் தீர்ந்தும் கூன் வளர்ந்துகொண்டே சென்றது. அவர்களை அறுக்காமல் விட்டது கருணையாகாது. கத்தி எடுப்பதே ஹிம்சை, எடாமையே அஹிம்சை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் முதுகை நினைத்துப் பார்க்கவேண்டும்.

சென்னை ஆராய்ச்சியில் நாம் கருதவேண்டியது இன்னொன்று உண்டு. அறுவை பெறாதவர்கள் சும்மா விடப்பட்டவர்கள் அல்லர். நாள்தோறும் மருந்து, ஆறு மாதமோ ஒன்பது மாதமோ தவறாத கண்காணிப்பு, பத்தாண்டுக் காலம் விடாத பரிசோதனை. அறுக்காமை என்பது அங்கே ஒரு முழுமையான சிகிச்சையாக இருந்தது. நம் வீடுகளில் அறுக்காமை என்பது பெரும்பாலும் தைலம் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்வதாகவே இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

கல்லிடைக்குறிச்சி அம்மையாருக்குக் காசநோய் இல்லை. (மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வலி மிகுதல் ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்து வந்தால், நம் நாட்டில் இன்றும் அதனை நினைத்துப் பரிசோதிக்க வேண்டும்.) அவருக்குள்ளது தேய்மானம் என்று சொல்லப்பட்ட வலி. உலகில் இணைப்பு அறுவை பற்றிய வழக்கு மிகுதியும் நடப்பது இவ்வகை வலியைப் பற்றித்தான்.

ஸ்வீடன் நாட்டில் 294 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, அறுவை செய்துகொண்டவர்களுள் நூற்றுக்கு 63 பேர் தேவலை என்றனர். மற்றவர்களுள் 29 பேரே அவ்வாறு கூறினர். அறுவைக்கு வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினர். ஆனால் நார்வே நாட்டில் 64 பேரிடம் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டபோது இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் 349 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூறு மதிப்பெண் கொண்ட அளவுகோலில் அறுவைப் பிரிவுக்குக் கிடைத்த மிகை நான்கு மதிப்பெண்ணே. அதற்காக அறுவையின் ஆபத்தையும் செலவையும் ஏற்பது தகுமா என்று அவ்வாராய்ச்சியாளர்களே ஐயுற்றனர். இவர்களைச் சராசரி பதினோராண்டு தொடர்ந்து பார்த்து 2013ஆம் ஆண்டில் எழுதியபோதும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தனர். முதுகுவலி ஒன்றுக்காக மட்டும் இவ்வறுவையை, ஆராய்ச்சியின் பொருட்டன்றி, செய்யவேண்டாம் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டி 2016ஆம் ஆண்டில் கூறிவிட்டது.

ஒரே நோய்க்கு ஸ்வீடனில் ஒரு விடையும், மற்ற இரு நாடுகளில் வேறு விடையும் வந்ததேன்? அறுவை மாறவில்லை, எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது மாறியது. ஸ்வீடனில் அறுவை பெறாதவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான பிசியோதெரபி. அவர்கள் முன்னமே பலகாலம் பார்த்துச் சலித்தது அது. இங்கிலாந்திலோ மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் சுமார் 75 மணி நேரப் பயிற்சி அளித்தனர். தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சி, நீரில் செய்யும் பயிற்சி, வலியைக் கண்டு அஞ்சும் மனத்தைப் பழக்கும் பயிற்சி எனப் பல. நார்வேயில், குனிந்தால் முதுகு முறிந்துவிடும் என்னும் பயத்தைப் போக்குவதையே பெரிதாகக் கொண்டனர். முதுகு குனிவதற்காக அமைந்ததே. இளைப்பாறாமல் ஒரே நிலையில் இருத்தி வைப்பதைத்தான் அது வெறுக்கிறது.

ஆகவே அறுவைக்கு இணையாக நின்றது ஓய்வன்று, மருந்துச்சீட்டன்று, 75 மணி நேர உழைப்பு. இங்கேதான் வினா மருத்துவத்தை விட்டு அறத்துக்குள் நுழைகிறது. நம் குடும்பங்களில் ஓர் அம்மையாருக்கு முதுகு அறுவை என்றால் நகையை அடகு வைப்பார்கள், நிலத்தை விற்பார்கள், மகன் விடுப்பெடுத்து வருவான். அதே அம்மையாரை மூன்று வாரம் அடுப்படியிலிருந்தும் மாவு உலக்கையிலிருந்தும் விடுவித்து, நாளுக்கு ஐந்து மணி நேரம் அவர் உடலுக்கென்று ஒதுக்கித் தாருங்கள் என்றால் வீட்டார் திகைப்பார்கள். ‘அதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்பார்கள். பணத்தைக் கொடுப்பது எளிது. அவர் செய்துவந்த வேலையைத் தாம் செய்வது அரிது. அறுவை பெரிய சிகிச்சையாகவும் பயிற்சி சிறிய சிகிச்சையாகவும் நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

ஸ்கேன் படத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘படத்திலேயே தெரிகிறதே’ என்று அன்பர் எழுதியிருந்தார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. இருபது வயதில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்படுகிறது; எவருக்கும் வலியில்லை. தலை நரைப்பதைப் போன்றது அது. நரைத்த தலையர்க்குத் தலைவலி வந்தால் நரையே காரணம் என்போமா?

அவ்வாறாயின் இவ்வறுவை எவர்க்கும் வேண்டாவோ? வேண்டும். விபத்தில் முள்ளெலும்பு நொறுங்கி நிலை தடுமாறினால் வேண்டும். கட்டியோ கிருமியோ எலும்பைத் தின்றுவிட்டால் வேண்டும். ஓர் எலும்பு மற்றொன்றின் மேலிருந்து வழுவி முன்னே நகர்ந்து, நரம்பை நெரித்து, நடக்கவிடாமல் செய்தால் பெரும்பாலும் அறுவை நன்மையே தருகிறது. இதிலும், நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்கினால் மட்டும் போதுமா, எலும்பை இணைக்கவும் வேண்டுமா என்பது தனி வழக்கு. 2016ஆம் ஆண்டில் ஸ்வீடனும் 2021ஆம் ஆண்டில் நார்வேயும் வெளியிட்ட ஆராய்ச்சிகள், பலருக்கு அழுத்தத்தை நீக்குவதே போதும் என்றன. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய ஆராய்ச்சியோ, இணைத்தவர்கள் சற்று மேலான நிலையிலும், மறு அறுவை குறைந்தும் இருந்ததாகக் கூறியது. அறிஞர்களே ஒருமுகப்படாத இடத்தில், ‘உங்கள் நோய்க்கு இணைப்பு ஏன் வேண்டும்?’ என்று நோயாளி கேட்பது அவமரியாதையாகாது.

ஆபத்துகளைச் சுருக்கமாகவே கூறுவோம். மருத்துவரிடம் விரிவாகக் கேட்கலாம். கிருமி தொற்றலாம். தண்டுவடத்தின் உறை கிழியலாம். ஸ்குரூ பிசகி நரம்பைத் தொடலாம். காலில் இரத்தம் உறையலாம். எலும்பு ஒட்டாமலே போகலாம். புகைப்போர்க்கு இது மிகுதி, பீடிக்கும் விலக்கில்லை. எல்லாம் நன்றாக முடிந்தாலும், அசைவை இழந்த மூட்டின் சுமை மேலும் கீழும் உள்ள மூட்டுகளின் மேல் விழுகிறது. அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2004ஆம் ஆண்டில் கணித்தபடி, இணைப்புக்குப் பின் பக்கத்து மூட்டுக்காக மீண்டும் அறுவை தேவைப்படுவோர் ஐந்தாண்டில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல்; பத்தாண்டில் முப்பத்தாறு பேர். ஐம்பத்தெட்டு வயதில் செய்துகொள்பவர் அறுபத்தெட்டு வயதையும் எண்ணவேண்டும் அன்றோ?

வெற்றி என்னும் சொல்லும் இங்கே இரு பொருள் படுகிறது. மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பு ஒட்டிவிட்டது, வெற்றி என்கிறார். அம்மையாரோ மீண்டும் உலக்கையைத் தூக்க முடியுமா, பேத்தியை இடுப்பில் வைக்க முடியுமா, இரவில் புரண்டு படுக்க முடியுமா என்பதையே வெற்றி என்கிறார். எலும்பு ஒட்டியும் வலி போகாதவர் உளர். சரியாக ஒட்டாமலே வலி குறைந்தவரும் உளர். ஒரு வகையால் வெற்றி, மற்றொரு வகையால் தோல்வி. எந்த வகையால் என்று கேட்டுத் தெளிவது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். இதில் நம் வீடுகளுக்குத் தனி அக்கறை உண்டு. இணைப்புக்கு வேண்டிய எலும்பைப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த உடலிலிருந்தே எடுக்கின்றனர். நரம்பை விடுவிக்கும்போது அகற்றும் எலும்பையே பொடித்து வைப்பர். போதாதபோது இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுப்பர். அவ்விடத்தில் சிலருக்கு நெடுநாள் வலி நிற்பதுண்டு. இறந்தவர் தானமாக அளித்த எலும்பும் உண்டு. பிறர் மனமுவந்து ஈந்ததை ஏற்பதில் தடையொன்றும் நமக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த சுண்ணாம்புச் சத்துத் துகள்களும் உள்ளன. அவற்றால் எவ்வுயிர்க்கும் ஊறில்லை.

ஐயம் எழுவது வேறிடத்தில். எலும்பை வளர்க்கும் புரதம் என்று ஒன்றை 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் உயிரணுக்களைக் கூடத்தில் வளர்த்து அதனைச் செய்கின்றனர். அதனைத் தாங்கும் பஞ்சு, மாட்டின் தசைநாரிலிருந்து எடுக்கப்படுவது. அந்நிறுவனத்தின் தரவுகளையெல்லாம் தனியார் இரு குழுவினர் ஆராய்ந்து, சொந்த எலும்பைவிட இது நோயாளிக்குப் பெரிய நன்மை செய்யவில்லை என்று 2013ஆம் ஆண்டில் எழுதினர். ஆகையால் இதனை மறுப்பவர் பெரிதாக ஒன்றும் இழப்பதில்லை. இரத்தம் கசிவதை நிறுத்த வைக்கும் ஜெலட்டின் பஞ்சு பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. எலும்பின் கசிவை அடைக்கும் மெழுகு தேன்மெழுகு. இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. தேனையும் தொடாத வீட்டார் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். பலவற்றுக்கு மாற்று உண்டு; முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் பெரும்பாலும் இணங்குவர். அறுவை மேசையில் இரத்தம் நில்லாமல் ஓடும் வேளையில் மாற்றைத் தேடு என்பது மட்டும் தகாது. அவ்வேளையில் மருத்துவர் கைக்கு எட்டியதை எடுக்கட்டும் என்று அனுமதிப்பதில் நாம் பாவம் காணவில்லை. உயிரைக் காக்கும் கையை நடுங்கச் செய்வதே பெரிய பாவம். வேறு விதமாகக் கருதும் பெரியோர் உளர், அவர்களையும் மதிக்கிறோம்.

அன்பரின் கடிதத்தில் நம்மை உறுத்திய ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான்கு பக்கக் கடிதம். கணவர் எண்ணுவது இருந்தது. மகன் கூறுவது இருந்தது. மருமகள் விசாரித்த விவரம் இருந்தது. அம்மையார் என்ன விரும்புகிறார் என்பது ஒரு வரியும் இல்லை. வலி அவருடையது, முதுகு அவருடையது, முடிவு மட்டும் கூடத்தில் அமர்ந்து மற்றவர் எடுப்பதா? 2008ஆம் ஆண்டு சனவரியில் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் இதனைத் தெளிவாக்கியுள்ளது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்மணிக்குத் தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்று, அவர் ஒப்புக்கொள்ளாத பெரிய அறுவையைச் செய்தது செல்லாது என்றது நீதிமன்றம். வயது வந்த, தெளிந்த அறிவுடைய ஒருவருக்காகப் பெற்ற தாயும் சம்மதம் தர இயலாது. சிகிச்சையின் இயல்பு, பயன், ஆபத்து, மாற்று வழி, செய்யாமல் விட்டால் நேர்வது ஆகிய இத்தனையும் நோயாளிக்கே சொல்லப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்ட பின்னும் நம் கூடங்கள் பின்தங்கியிருக்கலாமா?

அம்மையாரிடமே கேட்டால், அவர் அறுவை வேண்டாம், அப்பளம் இடுவதையும் விடமாட்டேன் என்று சொல்லக்கூடும். அல்லது, நான்காண்டு போதும், ஆபத்து தெரிந்தே செய்துகொள்கிறேன் எனலாம். எண்களையெல்லாம் கேட்ட பின்னர் சொன்னால் இரண்டும் மதிக்கத்தக்க விடைகளே. முதல் விடையாயின், பலகையை மேசைமேல் ஏற்றி நின்றுகொண்டு இடும்படி அமைப்பதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க விடுவதும், மாவு இடிக்கும் வேலையை ஆண்கள் ஏற்பதும், நாள்தோறும் பயிற்சிக்கு ஒரு பொழுதை ஒதுக்குவதும் வீட்டாரின் பங்கு. இரண்டாவது விடையாயின், இன்னொரு முதுகெலும்பு மருத்துவரிடம் கருத்துக் கேட்டு வருவதும், ஓராண்டுக் காலம் எலும்பு ஒட்டும் வரை அவரைச் சுமை தூக்க விடாமல் காப்பதும் அவர்கள் பங்கு. எப்படியும் உலக்கை கை மாறியாக வேண்டும்.

இவை யாவும் ஆற அமர எண்ண நேரம் உள்ளபோது சொன்னவை. நேரமில்லாத நிலை ஒன்று உண்டு. முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் நின்றுவிட்டாலோ, மலசலம் தெரியாமல் கழிந்தாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, இரு கால்களும் திடீரெனத் தளர்ந்தாலோ, நரம்புக் கற்றை நெரிபடுகிறது என்று பொருள். மறுநாள் பார்க்கலாம் என்று தங்கலாகாது. கல்லிடைக்குறிச்சியிலுள்ளோர் அன்றே, அந்நேரமே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அறுவை வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கோ செல்லவேண்டும். அங்கே கத்தியை மறுப்பது வாழ்நாள் முழுதும் கால்களை இழப்பதாகவும் முடியலாம்.